பெயர் கேட்காத நெட் கார்டு

செல்போனுக்கு நெட் கார்டு விற்பவளிடம் வாங்குகிறவரின் பெயரும் இருக்காது, நம்பரும் இருக்காது. பழி மட்டும் இருக்கும். சிவகாசிப் பக்கம் இந்தக் கடையைப் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சுரண்டியதில் போனது

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஆள் ஒருவர் கார்டு வாங்கி, திரி வெட்டுகிற கத்தியாலேயே சுரண்டினார். போனில் அடித்தால் நெட் ஏறுவதற்கு அடியில் ஒரு ரகசிய எண் இருக்கும்; மேல்பூச்சோடு அதில் இரண்டு இலக்கமும் போயின. கஸ்டமர் கேருக்குப் பேசினேன். யார் கையில் இருந்தாலும் செல்லும் கார்டு அது, எண் முழுசாக இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அவர் என்னைத்தான் முறைத்தார். "ஏக்கா, காசு குடுத்தவன் இங்கன நிக்கேன். கார்டுக்கு மட்டும் என்னையத் தெரியாதாக்கும்?"

புருஷன் கேட்டது

நம்பருக்கு நேராகப் பணம் ஏற்றினால் அதை நோட்டில் எழுத வேண்டும். நோட்டு மேஜைமேல் கிடக்கும். நிற்கிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான். அதனால் செல்வி கார்டுதான் வாங்குவாள். அடிக்கிற புருஷனை எம். புதுப்பட்டியில் விட்டுவிட்டு வந்து, தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். நர்ஸ் டிரெய்னிங்குக்கு எழுதிப் போட்டிருந்தாள். பதில் மெயிலில் வரும். புது சிம்மின் நம்பர் அவனுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஒரு நாள் அவனே கடைக்கு வந்து நம்பர் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். "வித்தவளுக்கே ஆளு தெரியாதாம்! யாருகிட்ட கதை விடுதீக?"

கார்டு நின்ற பிறகு

தீபாவளி சீசனில் கார்டு வருவது நின்றது. இனி வாங்குகிறவரின் நம்பரை அடித்தால்தான் நெட் ஏறும் என்றார் கார்டு கொண்டுவந்து போடும் ஏஜென்ட். அன்றைக்கே மெயில் பார்த்தாக வேண்டும் என்று செல்வி வந்து நின்றாள். "நோட்டுல எழுத மாட்டேன் தாயி" என்றேன். எழுதவும் இல்லை. அவள் துண்டுத்தாளில் தந்ததைப் பார்த்து அடித்தேன். எட்டாவதோடு நின்றவள் நான். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொல்லித்தான் அடிப்பேன். அன்றும் சொன்னேன். கடை நிறைய ஆள். அதில் அவள் கொழுந்தன் நின்றதை, அவன் தன் போனில் நம்பரைப் பதிந்து முடித்த பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் செல்வி வந்தாள். கையில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. சிம்மை மாற்றிவிடேன் என்றேன். "சீட்டு கெடைச்சிருச்சுக்கா. என்னைக்கு வந்து சேரணும்னு இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாக. எப்படிக்கா அணைச்சு வைப்பேன்?"

ஆள் தெரியாமல் பணம் கட்ட கம்பெனிக்காரர்கள் எத்தனை வழி கண்டுபிடித்தாலும், அதைக் கெடுக்க நடுவில் என் வாய் ஒன்று போதும்.