வேலி தாண்டும் இறைச்சி

போட்ஸ்வானாவில் வடக்கிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையைக் கால்நடைத் துறையின் வேலி ஒன்று குறுக்கே வெட்டுகிறது. அதன் வாயிலில் செதுன்யாவுக்குப் பதினொரு வருட வேலை. வடக்கே மாடுகளுக்குக் கோமாரி வரும். அது தெற்கே போய்விடக் கூடாது. வண்டிகளை நிறுத்தி, ஐஸ்பெட்டியைத் திறக்கச் சொல்லி, பச்சை இறைச்சி இருந்தால் வாங்கி எரிகுழியில் போடுவாள். எல்லோரையும் மருந்துத் தண்ணீரில் ஊறிய சாக்கை மிதிக்க வைப்பாள்.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் கேட்காமலே நாலு வார்த்தை சொல்வாள். "பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேந்துடுங்க, ரோட்டுல கழுதை நிக்கும். அடுத்த பங்க்லயே டேங்கை ரொப்பிக்குங்க, அதுக்கப்புறம் கெடைக்குமான்னு தெரியாது. யானை மறிச்சா ஹாரன் அடிக்காதீங்க, அதுவா போகும்."

அவளுடைய அம்மாவைச் சனிக்கிழமை விடியலில் புதைத்தார்கள். வாயிலுக்கு மாற்று ஆள் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஞாயிறு காலை சீருடை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். போகாதே என்று வீட்டில் சொன்னவர்களுக்கு என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

பத்து மணிவாக்கில் தாய்மாமன் மோக்வடியின் வண்டி வந்து நின்றது. அவருக்குத் தெற்கே ஊர்.

"மாமா, பெட்டியத் திறங்க."

"என்ன மருமகளே, என்கிட்டயேவா? நேத்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே மண்ணு தள்ளுனோம்?"

"திறங்க மாமா."

உள்ளே துக்கத்துக்கு அடித்த மாட்டின் தொடை.

"உங்கம்மாவுக்கு அடிச்ச மாடுடி! மாமன் பங்கு. இதையும் குழியில போட்டு எரிக்கப் போறியா?"

"பச்சையா போகக் கூடாது. வெந்தா போகலாம்."

அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. யாரோ பேசுவது போல அவளே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னால் நின்ற ஜெர்மன்காரத் தம்பதியின் பெட்டியிலும் பச்சை இறைச்சி இருந்தது. அவர்களிடம் பெரிய பானையும் இருந்தது. மாமா அவர்களிடம், "பாத்தீங்களா, சொந்த அக்கா மக! உங்க ஊர்லயும் இப்படித்தானா?" என்றார். புரியாமலே சிரித்தார்கள். வாயிலுக்கு வடக்கே ஒரு மர நிழலில் மூன்று பேரும் சேர்ந்து அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் கறி சீக்கிரம் வெந்தது. மாமாவின் மாட்டுத் தொடை வேக மூன்று மணி நேரம் ஆனது. பானை வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பதி கிளம்பினார்கள். மாமா உப்புப் போட்டு, கட்டையால் இறைச்சியை நார் நாராக இடித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் செதுன்யா வந்து உட்கார்ந்தாள். மாமா தட்டை நீட்டினார்.

"உப்பு போதுமா?"

"போதும்." அவள் நாக்குக்கு உப்பே தெரியவில்லை.

"நேத்து உன் கண்ணுல ஒரு சொட்டு வரலன்னு ஜனங்க பேசிக்கிறாங்க."

"பேசட்டும் மாமா."

"எனக்கும் அங்க வரலதான். இங்க அடுப்பு ஊதும்போதுதான் வந்துச்சு. புகைன்னு நெனச்சேன். தள்ளிப் போய் நின்னு பாத்தேன், அப்பவும் நிக்கல."

அவர் தோளைத் தொட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கை தட்டிலேயே இருந்தது. ஒரு லாரி வந்து நின்றது, எழுந்து போனாள்.

மாமா பானையை மூடிக் கட்டி, சாக்கை மிதித்துவிட்டு, "உடம்பப் பாத்துக்க, புள்ள" என்று வண்டியில் ஏறினார். தலையாட்டி, தடுப்புக் கம்பியைத் தூக்கினாள்.

மரத்தடியில் எலும்புகள் கிடந்தன. ஒன்று விடாமல் பொறுக்கி எரிகுழியில் போட்டுத் தீ வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கேயும் புகை இருந்தது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை.