டவுன் பஸ்ஸில் ஏறிய மலை

பௌர்ணமி இல்லாத நாளில் திருவண்ணாமலைக்கு யாராவது போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நான் போனேன். இந்த ஆகஸ்டில் (2005) ஒரு சனிக்கிழமை. சாமி கும்பிட அல்ல. நண்பன் முருகவேலின் ஓவியங்கள் அன்று மதியம் சென்னைக்கு வேன் ஏறுகின்றன, அவனுடைய முதல் தனிக் கண்காட்சிக்கு. கூட நின்று ஏற்றிவிட வேண்டாமா?

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்கு பஸ், டிக்கெட் அறுபத்தெட்டு ரூபாய். திண்டிவனத்தில் குடித்த காபியைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன். பத்தரைக்கு இறங்கி வேங்கிக்காலுக்கு ஆட்டோ பிடித்தேன், நாற்பது ரூபாய். விலாசத்தைச் சொன்னதும் டிரைவர், "படம் போடுவாரே, அந்த சார் வூடா? மாட்டுக்கு ரெக்கை வெச்சவரு!" என்று சிரித்தார்.

முருகவேல், எங்களுக்கு வேலு, பக்கத்துக் கீழ்பென்னாத்தூர்க்காரன். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு 1989இல் ஊர்ப்பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆனான். வரைவது சர்ரியலிசம். கனவில் வருகிற மாதிரி, சேராததை எல்லாம் சேர்த்து வைப்பான். வேர்க்கடலைக்குள் கல்யாண வீடு, கிணற்றுக்குள் ரயில். ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களோ மலையை மட்டும் சும்மா வரைந்து தரச் சொல்வார்கள். மலையை விற்று அரிசி வாங்கினான், கனவுகளைப் பரணில் போட்டான். "இன்னாத்துக்குப்பா இதெல்லாம்?" என்பதோடு சொந்தக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

கண்காட்சி அழைப்பிதழில் அச்சான படம் ஒன்று உண்டு. கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், மலை உட்கார்ந்திருக்கும். கண்டக்டர் டிக்கெட் கேட்டு நிற்பார். நான் உள்ளே நுழைந்தபோது வேலு அந்தப் படத்தின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மலைமேல் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம்! முந்தின நாள் அடித்த வார்னிஷ் காயாமல் இருந்ததால் இரண்டும் நன்றாக ஒட்டிக்கொண்டன. துடைத்தால் குங்குமம் பஸ் முழுக்கப் பரவிவிடும்.

வேலையைக் காட்டியவர், கிரிவலத்துக்காக ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அவன் அண்ணி.

"யாரைக் கேட்டு அண்ணி இதைப் பண்ணீங்க?" என்று வேலு கத்தினான்.

"எதுக்குக் கத்துற தம்பி? மலைன்னா சாமிதானே? சாமியை வெறும் நெத்தியோடயா பஸ்ல அனுப்புவாங்க?"

"இது படம் அண்ணி!"

"தெரியுது. நீ போட்டதுலயே இது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது. முட்டி வலி ஜாஸ்தியாயி, நேத்து பாதி சுத்துலயே ஆட்டோ புடிச்சு வந்துட்டேன். இனிமே நடக்க முடியாதுனு ராத்திரியெல்லாம் அழுதுக்கினு இருந்தேன். காலையில பாத்தா, சாமியே நம்மூரு பஸ்ல ஏறிக் குந்திக்கினு வராரு."

வேலுவின் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. அதில் வந்த கண்காட்சிக்காரர் படத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஐயோ சார், ஆளை வெச்சு சரி பண்ணிடலாமா?"

"வேணாங்க. அப்படியே மாட்டுங்க," என்றான் வேலு. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: கூட்டம் ஆகாது என்றால் பௌர்ணமியைத் தவிருங்கள். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர், வெயிலுக்கு முன் கிளம்புங்கள், முட்டியைக் கேட்டுக்கொண்டு நடங்கள். ஆட்டோவில் ஏறுமுன் பேரம் பேசுங்கள். சென்னையில் வேலுவின் படங்களையும் போய்ப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள். ஆனால் விபூதி பூசிய மலையை மட்டும் விலை கேட்காதீர்கள். கண்காட்சி முடிந்ததும் அது கீழ்பென்னாத்தூருக்கு, அண்ணி வீட்டுக்குப் போகிறது. டவுன் பஸ்ஸில்தான் கொண்டுபோவேன் என்று வேலு ஒற்றைக்காலில் நிற்கிறான். மலைக்கு அண்ணி டிக்கெட் எடுக்கிறாராம்.