இடம் போதாமல் விட்ட வரி

எடைக்கல்லின் அடியைக் குடைந்து விற்றவர்களை நான் சும்மா விட்டதில்லை. மிளகாய்த் தூளில் செங்கல் தூள், நெய்யில் வேறு கொழுப்பு, பாலில் குழாய்த் தண்ணீர் என்று மாதம் தவறாமல் என் பத்திரிகையில் எவருடைய வண்டவாளமாவது வெளிவரும். ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சுக்கூடத்தின் பின்னறைதான் எங்கள் அலுவலகம். எங்கள் என்று சொல்வது பெருமைக்கு. ஆசிரியர், அச்சுக் கோப்பவர், விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் நான் ஒருவன்தான். பசாருக்குள் நுழைந்தால் போதும், "பேப்பர்காரரு வர்றாருலா, தராச நேரா புடி" என்று கடைக்குக் கடை குரல் பறக்கும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் தங்கை நடந்து போகும் தூரத்தில் ஜெலுத்தோங்கில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. என் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்தே வாசிக்கப் பழகியவள். இதழ் கையில் கிடைத்ததும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் மற்றப் பெண்களுக்கும் சொல்வாள். என்ன வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு நான் எழுதுவதுதான்.

அவளுக்கு முதல் குழந்தை பெண். பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு, தாய்ப்பால் வற்றிவிட்டது. டின் பால் வாங்கினார்கள். எந்த டின் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. என் பத்திரிகையின் பின்னட்டையில் விளம்பரம் வந்திருந்த டின்னையே வாங்கி வரச் சொன்னாள்.

அந்த விளம்பரத்தைத் தமிழாக்கியவன் நான். டின்னைக் கொண்டுவந்த ஏஜெண்டு அதன் மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷைக் காட்டி, "இதையே தமிழ்ல போட்ருங்க" என்றார். உட்கார்ந்து எழுதினேன். சுத்தமானது, இனிப்பானது, நாள்பட இருந்தாலும் கெடாதது. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கொழுப்பு எடுத்த பால், கைக்குழந்தைகளுக்கு ஆகாது. அதையும் எழுதினேன். அச்சுக் கோக்கும்போது கட்டத்துக்குள் அந்த வரி அடங்கவில்லை. என்னிடமிருந்த பொடி அச்செழுத்துகள் இன்னொரு பக்கத்தில் மாட்டியிருந்தன. அந்தப் பக்கத்தைப் பிரிக்கச் சோம்பல். காப்பிக்குத்தானே இதை வாங்குகிறார்கள் என்று நினைத்து, அந்த வரியைக் கழற்றி வைத்துவிட்டேன். மிளகாய்த் தூளில் செங்கல் கலந்தவனும் இப்படித்தான் ஏதாவது நினைத்திருப்பான்.

குழந்தை தேறவில்லை. வயிறு நிறையக் குடித்தது, அழாமல் தூங்கியது, நாளுக்கு நாள் இளைத்தது. "தண்ணிய ஊத்தி ஊத்திக் குடுத்தா புள்ள எப்படித் தேறும்?" என்று மாமியார் தினமும் சொன்னார். நான் பார்க்கப் போயிருந்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் வந்திருந்தாள். டின்னை எடுத்துத் திருப்பிப் படித்தாள். அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் மட்டும். "கைக்குழந்தைக்கு ஆகாது என்று இதிலேயே போட்டிருக்கிறதே, இதைக் கொடுக்கச் சொன்னது யார்?" என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள். "என்னண்ணே சொல்றாங்க?" என்றாள் தங்கை. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுமாம்" என்றேன். அது பொய்யில்லை. உடனே கொண்டுபோனோம். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

அதன் பிறகு இரண்டு இதழ்கள் வந்தன. அந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. ஊரிலுள்ள கள்ளத் தராசையெல்லாம் கண்டுபிடித்த மகா தைரியசாலி, சொந்தத் தங்கையின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு ஜெலுத்தோங் பக்கமே போகவில்லை.

ஒருநாள் போகவேண்டி வந்தது. அடுப்படியில் அவள் கரண்டியும் கிளாசும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீரை ஊற்றுவதும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவதுமாக இருந்தாள். "மூணு கரண்டிக்கு ஒரு கிளாஸ். இவ்வளவுதான் ஊத்துனேன் அண்ணே. கூடிப்போயிருக்குமா?" என்று கேட்டாள். வந்த காலோடு திரும்பினேன்.

அச்சுக்கூடத்துக்குப் போய் அன்றைக்கே கோத்தேன். இந்த டின் பால் கைக்குழந்தைகளுக்கு ஆகாது என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது, விளம்பரத்தில் அந்த வரியை எடுத்துவிட்டவன் இந்தப் பத்திரிகையின் ஆசிரியன், அதை நம்பிக் கொடுத்த தாயின் மேல் குற்றமில்லை. இந்த முறை முன்பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்தேன். மை காயாத முதல் தாளை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்குக்கு நடந்தேன்.

அவள் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். முடித்ததும் மறுபடி மேலிருந்து படித்தாள். அவள் என்னைத் திட்டுவாள், தாளைக் கிழித்து என் முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன்.

"அப்ப நான் தண்ணி கூடுதலா ஊத்தலையா, அண்ணே?"

"இல்லம்மா. நீ சரியாத்தான் ஊத்துன."

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "அத்தே, நான் சரியாத்தான் ஊத்திருக்கேன். இங்க போட்டிருக்கு பாருங்க" என்று அவள் சொல்வது கூடத்தில் நின்ற எனக்குக் கேட்டது. பிறகு பெருங்குரலெடுத்து அழுதாள். குழந்தை போன பிறகு அவள் அழுது அன்றுதான் கேட்டேன்.

அந்த வரியை ஏன் எடுத்தாய் என்று என்னை அவள் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.