சுடுமண் காளைக்கு நான் வைத்த பொட்டு

அகழாய்வில் கிடைக்கும் பொருள்களை அளந்து படம் வரைவது என் வேலை. பொருளில் இருப்பதையெல்லாம் வரைய வேண்டும், இல்லாததை வரையக் கூடாது. திருச்சுழிப் பக்கம் ஒரு மேட்டில் தோண்டியபோது அந்த விதியிடம் நான் மாட்டிக்கொண்டேன்.

1. காளை

அன்று என் மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட். பிசிக்ஸ்தான் பயம். செல்போனில் டவர் இல்லை. அந்த நேரம் பார்த்து ட்ரெஞ்சுக் குழியிலிருந்து விரல் நீளத்தில் ஒரு சுடுமண் காளை வந்தது. களிமண்ணில் உமி கலந்து உருட்டி, நாலு கால்களையும் கிள்ளி இழுத்து, திமிலை இரண்டு விரலால் பிதுக்கி, குச்சியால் கண் குத்திச் சுட்டிருந்தார்கள்.

மண் அள்ளும் முத்துலட்சுமி எட்டிப் பார்த்தாள். எம்.ரெட்டியபட்டிக்காரி.

"எக்கா, புள்ளைக்கு நேந்துக்கிட்டா நாங்க அய்யனாருக்கு வைக்கிற மாடுல்ல இது! ஒரு பொட்ட வச்சுக் கும்பிடுக்கா. பாஸுதான்."

நான் எம்.ஏ. படித்தவள். பர்ஸிலிருந்து கோயில் குங்குமத்தை எடுத்துக் காளையின் நெற்றியில் வைத்துவிட்டேன்.

2. ஆபீஸர்

பிறகுதான் புத்தி வந்தது. பிரஷ்ஷால் தட்டினேன். உமி எரிந்த சின்னத் துளைகளுக்குள் குங்குமம் இன்னும் இறங்கியது. அதற்குள் அகழாய்வு ஆபீஸரின் ஜீப் வந்துவிட்டது.

ஆபீஸர் லென்ஸை வைத்துப் பார்த்தார். அவர் குரலே மாறிவிட்டது.

"மேடம், நெத்தியில செவப்பு! சுட்டதுக்கப்புறம் சாயம் பூசிருக்காங்க! லேபுக்குச் சொல்லணும்."

போனைத் தூக்கிக்கொண்டு டவர் தேடி மேட்டு உச்சிக்கு ஓடினார். பின்னாலேயே ஓடினேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பொய் அச்சேறும்.

"சார், அந்தச் செவப்போட காலம் எனக்குத் தெரியும்."

"எந்தக் காலம்ங்கிறீங்க?"

"இன்னைக்குக் காலையில பதினொன்னே கால், சார்."

அவர் போனை இறக்கினார். "எம்.ஏ. படிச்சுட்டு மாட்டுக்குப் பொட்டு வப்பீங்களா?" என்று கத்தத் தொடங்கும்போதே, உச்சியில் டவர் கிடைத்து என் போன் கிணுங்கியது. பிசிக்ஸில் முப்பத்தாறு. பாஸ்.

கீழிருந்து முத்துலட்சுமி கேட்டாள்: "என்னக்கா, பாஸா?"

தலையாட்டினேன்.

"பாத்தீகளா சார்? இவுகள வையாதீக. மாடு கேட்டுக்கிட்டிருக்கு!"

ஆபீஸர் கீழே காளை இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "இருக்கிறதை அப்படியே வரைங்க. பொட்டையும் சேத்து."

3. பாடம்

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ட்ரெஞ்சில் இறங்குமுன் பர்ஸை ஷெட்டிலேயே வைத்துவிடுங்கள். தவறு செய்தால், போன் லேபுக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள். அறிக்கையில் அந்தப் படத்துக்குக் கீழே இன்றும் என் கையெழுத்தில் இருக்கிறது: "நெற்றிச் சிவப்பு தற்காலத்தது, வரைந்தவர் வைத்தது."