ஒரு பாத்திக்கு இரண்டு வாளி

மிளகாய்க்காரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே முழிப்பார். வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஒரு துண்டுக் களிமண் நிலம். கணவர் பஸ் ஓட்டிய காலமெல்லாம் அவள் தனியாளாக அதில் மிளகாய் போட்டாள். ஒரே மகளையும் ஆளாக்கினாள். கூனிப்போன இடுப்பே அதற்குச் சாட்சி.

சில வருடங்களாக வானம் அவளோடு கண்ணாமூச்சி ஆடியது. பூ எடுக்கும்போது அனல்காற்று. தப்பிப் பிழைத்துக் காய் பிடித்தால் பேய்மழை. ஓய்வுபெற்று வீட்டோடு வந்துவிட்ட டிரைவர், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் வாயை விட்டார்.

"இந்தத் தடவையும் காய்க்கலைன்னா நிலத்தை எங்கண்ணனுக்குக் கொடுத்துடலாம். குடோன் கட்டணும்கிறார். நானும் சரின்னுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அதன்பிறகு வீட்டுப் பூனைக்குத்தான் யோகம். சோறு ஆறுகிறது என்று அவள் பூனையிடம் சொல்வாள். பூனைக்குப் பசி இல்லையாம் என்று அவர் பதில் சொல்வார். அப்பா எப்படி இருக்கிறார் என்று மகள் போனில் கேட்டபோது, பூனையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அவள் பயிரை மட்டும் நம்பினாள். நாற்று நட்டாள். விடியுமுன் எழுந்து, கிணற்றில் இறைத்து, பாத்தி பாத்தியாக வாளியால் ஊற்றினாள். ஆயுள் முழுக்க முதல் பஸ்ஸை எடுத்தவர் இப்போது வெயில் ஏறிய பிறகுதான் கண் விழிப்பார்; அவள் ஊற்றுவது அவருக்குத் தெரியாது. உச்சிவெயிலில் அவள் வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னறையில் அயர்ந்துவிடுவாள்.

செடிகள் வாடின. தாகம் என்று நினைத்தாள். இன்னும் ஒரு வாளி ஊற்றினாள். மேல்மண் பொருக்குத் தட்டிக் காய்ந்து கிடந்தது. இன்னும் ஊற்றினாள். இலைகள் மஞ்சளாகித் தொங்கின. வைத்தியம் பார்க்கப் பார்க்க நோய் முற்றும் குழந்தையைப் போல, அவள் கண்முன்னே தோட்டம் தேய்ந்தது.

ஒரு மதியம் தூக்கம் வரவில்லை. பின்கதவைத் திறந்தாள்.

சட்டையில்லாத முதுகு கருகிப்போயிருக்க, அவர் வாளியோடு பாத்தியில் குனிந்திருந்தார். கடைசிச் செடிக்கு ஊற்றிவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல அதைத் தடவினார்.

"எப்படியாவது காய்ச்சிடுங்கம்மா. இந்த மண்ணை விட்டா அவ செத்துப்போயிடுவா."

அவள் ஓடிவந்து மண்ணில் விரலை விட்டாள். பொருக்குக்குக் கீழே கொழகொழவென்று சேறு. வெளியே எடுத்த விரலில் அழுகல் நாற்றம். மதியம் அவர் ஊற்றிய ஈரத்தை விடிவதற்குள் அனல்காற்று மேலாக மட்டும் உறிஞ்சியிருக்கிறது. உள்ளே வேர்கள் மூழ்கிக் கிடந்திருக்கின்றன.

"எத்தனை நாளாங்க?"

"நட்டதுலேருந்து. இடுப்பு வலியில உன்னால முடியாதுன்னு நெனச்சேன்."

"நானும்தாங்க ஊத்தினேன். தினமும்."

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து வளர்த்தார்கள். இரண்டு பேருமாகக் கொன்றிருந்தார்கள். பூனையிடம் சொன்னதில் ஒரு வார்த்தையை நேராகச் சொல்லியிருந்தால் போதும்.

இனித் தண்ணீர் காட்டக்கூடாது, காய்ந்தால் ஒருவேளை பிழைக்கும் என்றாள். அன்று மாலையே மேகம் திரண்டது. வருஷமெல்லாம் வா வா என்று அவள் கெஞ்சிய மழை! இப்போது கைகூப்பி, போய்விடு தாயே என்று அழுதாள். அது கேட்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே திருப்பினார்கள். திருப்பிய இடமெல்லாம் மறுபடி தேங்கியது.

மழை ஓய்ந்தபோது அவள் ஒரு செடியை இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர், ஊறிய நூல்போலக் கருத்து உரிந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"உங்கண்ணனுக்குப் போன் போடுங்க," என்றாள்.

"நாளைக்குச் சொல்லலாம்."

"இன்னைக்கே போடுங்க. நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிடும்."

அவர் போனை எடுக்கவில்லை. சேற்றில் அவளருகே மண்டியிட்டு, அடுத்த பாத்தியின் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார்.