முப்பத்தேழு இடங்களில் என் குரல்

நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. புனேயில் எங்கள் தமிழ்க் குழு மேடையேற்றும் நாடகங்களுக்கெல்லாம் இருபது வருடமாக மேடையோரத் திரை மறைவில், சைடு விங்கில், நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறேன். யாராவது திணறினால் அடுத்த வரியின் முதல் இரண்டு வார்த்தையைச் சொல்வேன். நடிக்கிறவருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

என் அக்காவுக்கு மட்டும் நான் தேவைப்பட்டதே இல்லை. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் குழுவின் கதாநாயகி எப்போதும் அவள்தான். மூன்று பக்க வசனத்தை மூச்சு விடாமல் கொட்டுவாள். நான் விங்கில் சும்மா நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன்.

போன நாடகத்தின் ஒத்திகையில்தான் அவள் முதல்முறையாக நின்றுபோய் என் வாயைப் பார்த்தாள். தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க பென்ஷன் ஆபீசுக்கு அலையும் ஒரு விதவையின் கதை அது. மறுவாரம் ஐந்து இடத்தில் பார்த்தாள். டாக்டரிடம் போகலாம் என்று நான் கத்தினேன். நாடகம் முடியட்டும் என்றாள். புனே கேம்ப் பகுதியின் சர்ச் ஹாலில் அரங்கேற்றத்தன்று மேக்கப் போட்ட கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அவன்ட்ட மட்டும் சொல்லிராத. தெரிஞ்சா மெல்போர்னுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு ரூம்ல உக்கார வச்சிருவான். மேடை இல்லன்னா நான் என்னத்துக்குட்டி இருக்கேன்?"

அவன் என்றது மெல்போர்னில் இருக்கும் அவள் மகனை. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த நாடகத்தைப் படம்பிடித்திருந்தோம். மெல்போர்ன் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கி, ஒரு பள்ளிக்கூட அரங்கில் பெரிய திரையில் போடப் போவதாகச் சொன்னார்கள். எங்களை எல்லாம் விமானத்தில் அழைப்பதற்கு இது எவ்வளவோ சுலபம். முதல் வரிசையில் மூன்று இடம் பிடித்துவிட்டேன், பெண்டாட்டி மகளோடு போகிறேன் என்று அக்கா மகன் செய்தி அனுப்பினான். அப்புறம்தான் நான் படத்தை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். மைக்கை என் விங்குக்கு நேர் மேலே கட்டித் தொலைத்திருக்கிறார்கள். முதலில் என் குரல், பிறகு அவள் குரல். பட்டவர்த்தனமாகக் கேட்கிறது.

படத்தொகுப்பு செய்தவர் கல்யாண வீடியோ எடுக்கிற மராத்திக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. "மேடம், யே கிஸ்கி ஆவாஸ் ஹை?" என்றார், இது யார் குரல் என்று. யாருடையதாக இருந்தால் உமக்கென்ன, வெட்டும் என்று இந்தியில் சொன்னேன். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தேழு இடத்தில் என் குரலை எடுக்க வைத்தேன். எடுத்த இடத்திலெல்லாம் ஹாலின் மின்விசிறிச் சத்தத்தை ஒட்டி நிரப்பினார். அப்பாடா என்றிருந்தது.

திரையிட்ட அன்று அவர்களுக்குச் சாயங்காலம், எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். விஷ்ராந்த்வாடியில் அக்கா வீட்டில் இரண்டு பேரும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒரு வாய் இறங்கவில்லை. நடுவில் போன் இருந்தது.

"பழைய படத்த அனுப்பிரலியே?" என்று அக்கா நாலாவது தடவை கேட்டாள்.

"இல்லக்கா, கொஞ்சம் சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அதே பயம்தான்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சித்தி, எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க. அம்மா அங்கங்க நிறுத்தி நிறுத்திப் பேசினது பிரமாதம்னு ஒரே பேச்சு."

அக்கா முகத்தில் ரத்தம் திரும்பியது. நான் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தேன்.

"சித்தி, ஒண்ணு கேக்கவா? அம்மா எப்ப இருந்து நிறுத்திப் பேசறாங்க? என்னைத் திட்டும்போதுகூட மூச்சு விடமாட்டாங்களே."

"டைரக்டர் அப்படி வேணும்னாரு" என்றேன்.

"நிறுத்தும்போது, கூட நடிக்கறவங்களப் பாக்கலியே சித்தி. எல்லாத் தடவையும் சைடுல ஒரே எடத்தப் பாக்கறாங்க. அங்க நீங்கதானே நிப்பீங்க?"

குரலை வெட்டிய மகராசி எனக்கு அக்காவின் கண் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குரல் கணீரென்று வந்தது.

"ஏல, பெரிய விமர்சகர் ஆயிட்டியோ? தாலாட்டுக்கும் வசனத்துக்கும் வித்தியாசம் தெரியாத பய! அம்மா நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பேத்திட்ட போனக் குடு. அவ சொல்லட்டும் ஆச்சி நடிப்பு எப்படின்னு."

அவன் சிரித்துவிட்டான். எனக்கு உயிர் வந்தது. அவனும் ஸ்பீக்கரில் போட்டுக் குழந்தையிடம் போனைக் கொடுப்பது கேட்டது.

"ஹலோ ஆச்சி."

"என் ராசாத்தி! என் தங்கமே! என்..."

அக்கா நின்றாள். பேத்தியை எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்தப் பெயரையே வைத்தவள் அவள்தான். கண்ணை அகல விரித்து என் வாயைப் பார்த்தாள்.

நான் யோசிக்கவே இல்லை. இருபது வருடப் பழக்கம். பெயரை எடுத்துக்கொடுத்துவிட்டேன்.

அக்கா அதை வாங்கி இரண்டு முறை கொஞ்சிச் சொன்னாள். எங்கள் போனும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. பிறகு அக்கா மகனின் குரல் வந்தது, உடைந்து போய்.

"சித்தி... அம்மா பக்கத்துலயே இருங்க. நான் கிளம்பி வர்றேன்."

போன் அணைந்தது. நான் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள், கண்ணிலிருந்து நீர் தட்டில் சொட்டியது.

"இருவது வருசத்துல இன்னைக்குத்தாம்ட்டி நீ முதல் வரிசைக்குக் கேக்கிற மாதிரி எடுத்துக் குடுத்திருக்க" என்றாள்.