சித்தப்பாவின் கடைவாய்ப் பல்

திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டிய என் சித்தப்பா, யாருக்கும் பயப்படாதவர் என்று பெயர் எடுத்தவர். லாரிக்காரர்களையே நடுரோட்டில் நிறுத்தி நியாயம் கேட்பார். ஆனால் பல் டாக்டரிடம் போவதை மட்டும் ஏழெட்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். வலி வந்தால் கிராம்பு, வீக்கம் வந்தால் உப்புத் தண்ணீர், இரண்டுக்கும் அடங்காவிட்டால் எங்கள் மேல் கோபம். முறுக்கை டீயில் ஊறவைத்துத்தான் தின்பார். அதுதான் ருசி என்று அவர் சொன்னதை நம்பி நாங்களும் அப்படியே தின்றோம்.

எனக்கு ஏழு வயதானபோது, சித்தி ஒருவழியாகப் பூந்தமல்லியில் ஒரு பல் கிளினிக்கில் சொல்லிவைத்துவிட்டு வந்தாள்.

அன்று காலை சித்தப்பா மூன்று முறை பல் விளக்கினார். பெண் பார்க்கப் போகிறவர் போல முகம் மழித்து, காக்கிச் சட்டைக்குப் பதில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். எந்தப் பல் எப்போது வலிக்கிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தார். பிறகு வாயைத் திறந்து பழகுவதற்காகக் கண்ணாடி முன் உட்கார்ந்தார். நான்தான் டாக்டர். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ஸ்பூன்.

"சித்தப்பா, கடைசிப் பல்லு கருப்பா கீது. ஓட்டை வேற."

அவர் படக்கென்று வாயை மூடியதில் ஸ்பூன் உள்ளேயே மாட்டிக்கொண்டது. "இன்னிக்கு சவாரி நெறைய கீது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்தவரைச் சித்தி வாசலில் மறித்தாள்.

"லாரிக்காரன்கிட்ட மல்லுக்கு நிக்கிற, ஒரு நாற்காலில ஒக்கார பயமாக்கீதா?" என்று அவரை ஆட்டோவில் ஏற்றினாள். "உள்ள போனாரான்னு பாத்துகினு வந்து சொல்லு" என்று என்னையும் கூட அனுப்பினாள்.

கிளினிக்கில் பெயர் கேட்டார்கள். சித்தப்பா சற்றும் யோசிக்காமல் என் பெயரைச் சொன்னார்.

"பாப்பாவுக்குப் பல்லு ஆடுது மேடம்."

ஆடியது உண்மைதான். அதை நான் எதிர்த்துப் பேசுவதற்குள் நாற்காலியில் இருந்தேன். டாக்டரம்மா சிரித்த முகத்தோடு ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பல் அவர் கைக்குப் போய்விட்டது. சுரீரென்று வலித்தது. கதவோரம் சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலானது.

பஞ்சைக் கடித்தபடியே அவரிடம் போய், "வலிக்கவே இல்ல சித்தப்பா" என்றேன்.

அவர் குனிந்தார். கட்டைவிரலால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பிறகு பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். "எனக்குந்தான் பாக்கணும்."

கருப்புப் பல்லைக் காப்பாற்ற முடியாது, அடுத்த வாரம் எடுத்துவிடலாம், மற்றவை பரவாயில்லை என்றார் டாக்டர். அடுத்த வாரம் சித்தப்பா தனியாகவே போய்ப் பல்லை எடுத்துவிட்டு வந்தார். "பாப்பாதான் சொல்லிச்சே, வலிக்காதுன்னு" என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னார்.

அவ்வளவு பெரிய மனுஷரை ஒரே பொய்யில் ஏமாற்றிவிட்டதாக வெகுகாலம் எனக்குப் பெருமை. கண்ணீர் வழிய நின்ற பிள்ளை வலிக்கவில்லை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.